அப்பா பத்தாவது ஆளாகப் போன காலை

நம் செட்டில் இன்னும் சொந்தப் பல் வைத்திருப்பவர்கள் கையைத் தூக்குங்கள். இரண்டு பேரா? சரி. மற்றவர்கள் பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு வசதியாக உட்காருங்கள். பினாங்கில் டிராம் வண்டி ஓடியதை யார் பார்த்தோம், யார் பார்த்ததாகப் புளுகுகிறோம் என்று போன வாரம் சண்டை போட்டோமே, நான் சொல்லப்போவது அதற்குச் சற்றுப் பிந்திய சங்கதி. ஜப்பான்காரன் வருவதற்கு இரண்டே முக்கால் வருஷம் முன்னால் ஒரு மாசி மாதம். அந்தச் சந்தில் இருந்தவர்களில் இதைச் சொல்ல இப்போது நான் ஒருத்திதான் மிச்சம்.

நாகூர் ரோட்டுக்குப் பின்னால் எங்கள் சந்து. எங்களுடையது பலகை வீடு. எதிரே பச்சை ஜன்னல் வைத்த மாடி வீடு. அதில் இருந்தவர்கள் யூதர்கள், பாக்தாத் பக்கத்துக்காரர்கள். அந்த வீட்டு அம்மாவை நாங்கள் எதிர்வீட்டு அம்மா என்றே சொல்லுவோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. யூதர் என்றால் மாங்காய் ஊறுகாயில் வெந்தயம் தூக்கலாகப் போடுகிறவர்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஊறுகாய் விஷயத்தில் என் அம்மாவுக்கும் அவருக்கும் தீராத போட்டி. இரண்டு பேரும் அடுத்தவர் ஜாடியைத் திறந்து முகர்ந்து, “ஹ்ம்” என்று மட்டும் சொல்லி மூடிவிடுவார்கள்.

சனிக்கிழமை அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். முதல் நாளே மூட்டிய கரியடுப்பில் கோழியும் அரிசியும் ஒரு பெரிய சட்டிக்குள் மெதுவாக வெந்துகொண்டே இருக்கும். அந்தச் சட்டி மூடிமேல் முட்டைகளை அடுக்கி, பழைய கம்பளியால் போர்த்தி வைப்பார்கள். காலையில் ஓட்டை உரித்தால் முட்டை உள்ளேயும் தேநீர் நிறத்தில் இருக்கும். கருகலும் கோழிக் கொழுப்பும் கலந்த ஒரு வாசனை. அப்படி ஒரு முட்டையை அப்புறம் எந்த ஊரிலும் நான் தின்றதில்லை. என் மருமகள் யூட்யூப் பார்த்துச் செய்து தந்தாள், பாவம். அவித்த முட்டைக்குச் சாயம் போட்டதுபோல இருந்தது.

எதிர்வீட்டு அம்மா பேசுவது பாதி மலாய், பாதி தமிழ். ஒருநாள் பின்கட்டில் என் அம்மாவோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே தங்கள் கதையைச் சொன்னார். வீடு மாறிய கதையைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

“முதல்ல எருசலேம்லா. ஒரு ராஜா வந்து கோயில இடிச்சிட்டு, எங்க ஆளுங்கள பாபேலுக்கு ஓட்டிட்டுப் போயிட்டான். அங்கயே இருந்துட்டோம்.”

“எத்தன வருஷம்க்கா?”

“ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கும்.”

அம்மாவின் கை கீரையில் அப்படியே நின்றுவிட்டது.

“அப்புறம் பாக்தாத்துல ஒரு கவர்னர், ரொம்பப் பொல்லாதவன். வீட்டுக்காரரோட பாட்டனார் பம்பாய்க்குக் கப்பல் ஏறிட்டார். அங்கேருந்து கல்கத்தா. மாமனார் ரங்கூன். நான் கல்யாணம் ஆகி இங்க வந்தேன். இனிமே எங்கயோ, தா தாஹு.” தெரியாது என்பதை அவர் எப்போதும் மலாயில்தான் சொல்வார்.

“எங்களுக்கு அவ்ளோ இல்லக்கா. நாகப்பட்டணத்துல ஏறினோம், இங்க எறங்கினோம்,” என்றாள் அம்மா, ஏதோ குறைவாகச் செய்துவிட்டவள்போல. பிறகு கேட்டாள்: “இத்தன வாட்டி ஊர் மாறினா எதத்தான் தூக்கிட்டுப் போவீங்க?”

“தேதியத்தான். யாரு எந்த மாசம் எந்தப் பிறையில செத்தாங்கன்னு. அது கனமே இல்லலா.”

அம்மா இதை அந்த வாரம் முழுவதும் தண்ணீர்க் குழாயடியில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னாள். அவள் யாரையும் எளிதில் மெச்சுகிறவள் அல்ல. ஆனால் அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் குரல் தானாகவே தணிந்துவிடும்.

முந்தின வருஷம் மாசியில்தான் எதிர்வீட்டு ஐயா இறந்தார். யாஹுடி ரோட்டில் அவர்களுக்கென்று ஓர் இடுகாடு உண்டு. இடுகாடு இன்னும் இருக்கிறது, ரோட்டின் பெயரைத்தான் மாற்றிவிட்டார்கள். அங்கே அடக்கம் செய்தபோது ஊரில் அவர்களில் ஆண்கள் பன்னிரண்டு பதின்மூன்று பேர் இருந்தார்கள். வருஷம் திரும்புவதற்குள் ஒரு குடும்பம் சிங்கப்பூருக்குப் போய்விட்டது, இன்னொன்று கல்கத்தாவுக்கு. மீந்தது ஒன்பது பேர்.

இந்த ஒன்பதுதான் பிரச்சினை. முதல் வருஷத் தேதியில் இறந்தவருடைய மகன் எழுந்து நின்று ஒரு பிரார்த்தனை சொல்லவேண்டும். பக்கத்தில் வயது வந்த யூத ஆண்கள், அவனையும் சேர்த்துப் பத்துப் பேர் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிரார்த்தனையை வாய்விட்டுச் சொல்லக்கூடாது. எதிர்வீட்டு மகனுக்கு இருபது வயது இருக்கும், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் ஒருநாள் சைக்கிளை எங்கள் வாசலில் சாய்த்துவிட்டு அப்பாவிடம் வந்தார்.

“அண்ணே, கப்பல்ல எங்க ஆளுங்க யாராச்சும் வந்தா கொஞ்சம் சொல்லுங்கண்ணே. ஒரே ஒரு ஆளு போதும்.”

“திதிக்குத்தானே தம்பி? நீங்க கவலய விடுங்க.”

அப்பா துறைமுகத்தில் பியூன். கப்பல் கடலில் நங்கூரம் போட்டதும், பயணிகளின் பாஸ்போர்ட்டைப் பார்க்கும் வெள்ளைக்காரத் துரையோடு லாஞ்சில் போய்ப் பின்னால் நிற்பார். துரை முத்திரை குத்தியதை வாங்கி உரியவரிடம் கொடுப்பது அவர் வேலை. காக்கி கோட்டு, பித்தளைப் பொத்தான், தொப்பி என்று பார்க்க ஒரு போலீஸ்காரர்போலவே இருப்பார். அந்தக் கோலத்தோடு தாடி வைத்த ஆசாமிகளையெல்லாம் ஓரங்கட்டி “சார், ஜூ?” என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு பாதிரியார் கோபித்துக்கொண்டாராம். ஒரு பார்சிக்காரர் சிரித்துவிட்டு சுருட்டு ஒன்று கொடுத்தாராம். அப்பா மனம் தளரவில்லை.

அப்புறம்தான் அந்த ஜெர்மன்காரர் வந்தார். நாற்பது வயது, ஒரே ஒரு பெட்டி. இங்கே ஒரு ஹோட்டலில் பியானோ வாசிக்க வேலை இருப்பதாகக் கடிதம் வைத்திருந்தார். அவருடைய பாஸ்போர்ட்டில், முதல் பக்கத்திலேயே, சிவப்பு மையில் பெரிதாக ‘ஜே’ என்று ஓர் இங்கிலீஷ் எழுத்து குத்தியிருந்தது. துரை அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு முத்திரை போட்டார். அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் எதற்காகக் குத்தினார்கள் என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார். சர்க்காரே சிவப்பு மையில் தனி முத்திரை போட்டிருக்கிறது என்றால் ஆள் எவ்வளவு பெரிய மனிதராக இருக்கவேண்டும்!

அப்பா நேரே அவரிடம் போய், பித்தளைப் பொத்தான் மின்ன, தன்னுடைய லாஞ்சு இங்கிலீஷில் உரக்கச் சொல்லியிருக்கிறார்: “சார்! யூ ஜூ! வீ லுக்கிங் ஃபார் யூ! மெனி மன்த்ஸ்!”

நீ யூதன், உன்னைத்தான் பல மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று.

அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்ததாம். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல், இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டினாராம். இதென்ன ஐரோப்பாவில் கைகுலுக்கும் புது மரியாதை என்று அப்பாவும் இரண்டு கைகளாலும் பிடித்து ஆசை தீரக் குலுக்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து எங்களுக்கு அதை நடித்துக்கூடக் காட்டினார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தக் கைகள் கைவிலங்குக்காக நீண்டவை என்று எனக்கு உறைக்க முப்பது வருஷம் ஆயிற்று. அன்று சிரித்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அப்பா அவரைக் கையோடு ரிக்‌ஷாவில் ஏற்றி எதிர்வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். எதிர்வீட்டு அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் மாடியறையைத் திறந்துவிட்டார். ஈச்சம்பழப் பாகும் ரொட்டியும் மேலே போயின. அப்பா வாசலில் நின்று மீசையைத் தடவிக்கொண்டார். பத்தாவது ஆள் கிடைத்தாயிற்று.

பத்து நாள் கழித்து அண்ணன் முகம் வாடிப்போய் எங்கள் வாசலுக்கு வந்தார்.

“வர மாட்டேங்கறார்ண்ணே.”

“ஏன் தம்பி? சாப்பாடு புடிக்கலியா?”

“அங்க வக்கீலா இருந்தவராம். வீடு வீடா வந்து யாரு யூதன்னு லிஸ்ட் எழுதினாங்களாம். எழுதி முடிச்சப்புறம் கோர்ட்டுக்குப் போகக்கூடாது, பார்க்குல உக்காரக்கூடாதுன்னு ஒவ்வொண்ணா ஆரம்பிச்சாங்களாம். ‘இனிமே எந்தக் கணக்குலயும் நான் சேர மாட்டேன், உங்க கணக்குலயும் சேர மாட்டேன்’ங்கறார். சாமியும் இல்லயாம் அவருக்கு. ஜெபமெல்லாம் சின்ன வயசுல கேட்டதோட சரியாம்.”

அம்மா உள்ளே இருந்து குரல் கொடுத்தாள்: “ஆளு புடிச்சிட்டு வந்தாரே ஆளு!”

எங்கள் சந்துக்கு அவரைப் பிடிக்கவில்லை. யாரைப் பார்த்தாலும் பேசமாட்டார், அப்பாவைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். முதல் உலகச் சண்டையில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் நம் துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து சுட்டுவிட்டுப் போனதை எங்கள் பெரியவர்கள் மறந்திருக்கவில்லை. மளிகைக்கடை மாமா அவரை உளவாளி என்றே முடிவு கட்டிவிட்டார். பிள்ளைகள் நாங்கள் ‘எம்டன்’ என்று பெயர் வைத்து, அவர் தலை தெரிந்தால் ஓடி ஒளிவோம். யூதன் என்று அவரை அந்தச் சர்க்கார் துரத்தியது. அடுத்த வருஷம் ஜெர்மன்காரன் என்று சொல்லி இந்தச் சர்க்கார் பிடித்து, ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றிவிட்டது. உளவாளி என்று சொன்ன மாமாவுக்கு அன்று ஒரே பெருமை. ஊர் கூடி ஒரு மனிதரை எவ்வளவு தப்பாகப் புரிந்துகொள்ள முடியும் என்பதற்கு எங்கள் சந்து ஒன்று போதும்.

தேதி நெருங்கியது. வளர்பிறை பன்னிரண்டாம் நாள். அவர்கள் மாதமும் நம் திதிபோல நிலாவைப் பார்த்துத்தான். இடையில் வந்த கப்பல்களில் யாரும் இல்லை. முதல் நாள் சாயங்காலம் அம்மாவும் நானும் எதிர்வீட்டுக்குப் போனபோது, ஒரு கண்ணாடி டம்ளரில் எண்ணெய் ஊற்றித் திரி மிதக்கவிட்டு விளக்கேற்றியிருந்தார்கள். ஈச்சம்பழம் வைத்த வட்டப் பலகாரங்கள் தட்டில் அடுக்கியிருந்தன.

“நாளைக்கு ஒம்போது பேரு வருவாங்க. வாய மூடிட்டு நின்னுட்டு, சாப்பிட்டுப் போவாங்க,” என்றார் எதிர்வீட்டு அம்மா. “இத்தன ஊரு தாண்டி வந்தப்பகூட எங்க குடும்பத்துல யாருக்கும் இது விட்டுப்போனதில்ல. இவருக்குத்தான் விட்டுப்போகுது. என் கையில விட்டுப்போகுது.” சொல்லிவிட்டு முந்தானை இல்லாத அந்த கவுனின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா வீட்டுக்கு வந்து இதை அப்பாவிடம் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் பார்த்தால் அப்பா தலைக்குக் குளித்து, சலவை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி நிற்கிறார்.

“எங்க கெளம்பிட்டீங்க? பங்குனி உத்திரத்துக்கு இன்னும் நாள் இருக்கே,” என்றாள் அம்மா.

“எதிர்வீட்டுத் திதிக்கு. ஒரு ஆளு கொறையுது. நான் போயி நிக்கறேன்.”

“அய்யோ, அவங்க சாமி வேற இல்லியா?”

“செத்துப்போன மனுசனுக்கு என்ன வேற? ஒரு தல கொறையுதுன்னா ஒரு தல போயி நிக்கணும். அவ்ளோதான்லா.”

பார்த்தீர்களா, இதுதான் என் அப்பா. எண்ணிக்கை என்றால் எண்ணிக்கைதான் என்று நினைத்துவிட்டார். தேர் இழுக்க ஆள் குறைந்தால் வழியில் போகிறவர் வந்து வடத்தைப் பிடிப்பதில்லையா, அதுபோல. அண்ணன் வெளியே வந்து அப்பாவைப் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்தது. இது ஆகாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் சொல்லவில்லை. உள்ளே போய்த் தன் தகப்பனாருடைய பூவேலை செய்த வட்டத் தொப்பியை எடுத்துவந்து, வெறுந்தலையோடு நின்ற அப்பாவின் தலையில் தன் கையாலேயே வைத்தார்.

அவர்கள் முன்னால் நடந்தார்கள். நானும் அம்மாவும் எதிர்வீட்டு அம்மாவோடு பின்னால். அப்போது மாடி ஜன்னல் திறந்தது. எம்டன் கீழே பார்த்தார். வேட்டி, விபூதி, யூதத் தொப்பியோடு போகிற அப்பாவைப் பார்த்துவிட்டு என்னிடம் இங்கிலீஷில் கேட்டார், அந்த ஆள் எங்கே போகிறார் என்று.

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது. கான்வெண்டில் படித்த அத்தனை இங்கிலீஷையும் திரட்டிக் கத்தினேன்: “யூ நோ கம்! சோ மை ஃபாதர் கோ!”

அம்மா என் காதைத் திருகினாள். ஜன்னல் மூடிக்கொண்டது.

ஜெபக்கூடம் நாகூர் ரோட்டில் ஒரு கடைவீடுதான். உள்ளே வெல்வெட் திரை போட்ட மர அலமாரி, தொங்கும் விளக்கு, எண்ணெயும் பன்னீரும் கலந்த மணம். வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது, அப்பாவுடையது. மற்றவர்கள் எல்லாரும் பூட்ஸ் காலோடு உள்ளே இருந்தார்கள். பின்னால் பெண்களுக்கென்று ஒரு பெஞ்சு. அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது.

ஜெபம் நடத்தும் பெரியவர் எழுந்து, ஒவ்வொருவர் முன்னாலும் விரலை நீட்டி ஒவ்வொரு சொல்லாகச் சொல்லத் தொடங்கினார்.

“என்னக்கா பண்றாரு?” என்று அம்மா கிசுகிசுத்தாள்.

“ஆளுங்கள ஒண்ணு ரெண்டுன்னு எண்ணக்கூடாதுலா. வேதத்துல பத்துச் சொல்லு உள்ள ஒரு வரி இருக்கு. ஆளுக்கு ஒரு சொல்லு குடுப்போம். வரி முடிஞ்சா ஆளு சேந்தாச்சு.”

“எங்கள்லயும் புள்ளைங்கள எண்ண மாட்டோம்க்கா, கண்ணு பட்டுடும்.”

ஒன்பது சொல் ஆயிற்று. விரல் அப்பாவுக்கு முன்னால் வந்தது. துரை வரும்போது நிற்பதுபோல அப்பா விறைப்பாக நிமிர்ந்து நின்றார். பெரியவரின் விரல் அங்கேயே நின்றது. வாய் திறந்தது, சொல் வரவில்லை. அப்பாவை விலகச் சொல்லவும் அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று அவருக்கு மெல்லப் புரிந்தது. கை தொப்பியைக் கழற்ற மேலே போயிற்று. அந்தப் பத்தாயிரம் மைல் தூரத்து வேதத்துக்காரர்கள் முன்னால் என் அப்பா அவமானப்பட்டு நிற்கிறாரே என்று ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

அப்போது வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல் அந்தப் பத்தாவது சொல்லைச் சொன்னது.

எல்லாரும் திரும்பினோம். எம்டன் நின்றிருந்தார். ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. தொப்பி இல்லாததால் கைக்குட்டையைத் தலைமேல் விரித்துப் போட்டிருந்தார். சின்ன வயதில் கேட்டதோடு சரி என்று சொன்ன மனிதருக்கு அந்த வரியின் கடைசிச் சொல் தெரிந்திருந்தது. தன்னை இனி யாரும் எண்ணக்கூடாது என்றவர், யாரும் எண்ணுவதற்கு முன்னால் தானே சொல்லிக்கொண்டார்.

பெரியவர் அப்பாவை வெளியே அனுப்பவில்லை. தோளைப் பிடித்துத் தன் பக்கத்து நாற்காலியிலேயே உட்காரவைத்தார். அண்ணன் எழுந்து நின்று பிரார்த்தனையைச் சொன்னார். இடையிடையே மற்றவர்கள் ஆமென் என்றார்கள். அப்பாவும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிந்தி, கணீரென்று ஆமென் போட்டார். எதிர்வீட்டு அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பலகாரமும் பழமும் பரிமாறும்போது எம்டன் அப்பாவிடம் வந்தார். இந்தத் தடவை எதிர்ப்பக்கம் போகவில்லை. அண்ணனை நடுவில் வைத்துக் கேட்டார்: ஏன் வந்தீர்கள்?

அப்பா கையிலிருந்த பலகாரத்தைத் தட்டில் வைத்தார். “எங்கப்பா ஊர்ல செத்துட்டாரு. கடுதாசி எனக்கு ரெண்டு மாசம் கழிச்சு வந்திச்சு தம்பி. செத்த தேதிய எழுத மறந்துட்டாங்க. திரும்ப எழுதிக் கேட்டேன், ஆளுக்கு ஒரு நாளு சொல்றாங்க. பன்னெண்டு வருஷமாச்சு, திதி கெடையாது. இந்தம்மாவுக்குத் தேதி இருக்கு, ஆளு இல்ல. அத கேட்டுட்டு எப்படி வீட்ல உக்காந்திருக்கறது?”

அவர் வாயால் இதைச் சொல்லி நாங்கள் யாருமே கேட்டதில்லை. அம்மாகூட.

அண்ணன் மொழிபெயர்த்தார். எம்டன் தணிந்த குரலில் சொன்னதை அண்ணன் தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னார்: “அவரோட அப்பாவையும் புடிச்சிட்டுப் போனாங்களாம். கேம்ப்ல செத்துட்டார்னு ஒரு வரி கடுதாசிதான் வந்துச்சாம். தேதி இல்லயாம்.”

அப்பா தன் தட்டை எம்டன் பக்கம் நகர்த்தினார்.

எதிர்வீட்டு அம்மா பலகாரத் தட்டோடு நடுவில் வந்தார். “இன்னிக்கு நாள எடுத்துக்குங்கலா, ரெண்டு பேரும்.”

“உங்க வீட்டு நாளும்மா அது,” என்றார் அப்பா.

“தேதி என்ன, குடுத்தா கொறைஞ்சிடுமா? எங்க வீட்டுக்காரர் ஒருநாளும் தனியா உக்காந்து சாப்பிட்டதில்ல. தொணைக்கு ரெண்டு பேரு வந்தா சந்தோசப்படுவார். எடுங்க.”

அன்று மத்தியானம் அம்மா வாழைக்காயும் அவரைக்காயும் சமைத்தாள். அப்பா ஈர வேட்டியோடு வாழையிலையில் சோற்றை எடுத்துக்கொண்டு காக்கைக்கு வைக்க வாசலுக்கு வந்தார். தாத்தாவின் பெயரைச் சொல்லி ஒரு பிடி வைத்தார். எதிர்வீட்டு ஐயாவின் பெயரைச் சொல்லி இன்னொரு பிடி. மூன்றாவது பிடியைக் கையில் எடுத்தவருக்குச் சொல்லப் பெயர் தெரியவில்லை. எதிர்வீட்டு வாசலுக்குப் போய் மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“சார்! யுவர் ஃபாதர் நேம்?”

ஜன்னல் திறந்தது. கையில் சோற்றோடு நிற்கிற அப்பாவை அவர் பார்த்தார். ஒரு பெயரைச் சொன்னார். அப்பாவுக்கு நாக்கு திரும்பவில்லை, மறுபடி கேட்டார். அவர் மறுபடி சொன்னார், கொஞ்சம் நிறுத்தி. அதுவும் போதவில்லை. மூன்றாவது தடவை அவர் ஜன்னல் கட்டையில் இரண்டு கைகளையும் ஊன்றி, வெளியே நன்றாகச் சாய்ந்து, மளிகைக்கடை மாமா எழுந்து வந்து பார்க்கும்படி, சந்து முழுவதும் கேட்கும்படி, தன் தகப்பனார் பெயரை உரக்கச் சொன்னார்.